பழைய இரும்பில் காங்கேயம் காளை: பேரிங் குண்டு நிக்க மாட்டேங்குது, சக்கரம் விரிசல் விடுது, வழி சொல்லுங்க

வெள்ளக்கோவில் தறிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் விசைத்தறி ஃபிட்டர். எங்க பக்கம் பழைய தறியெல்லாம் எடைக்குப் போயிட்டிருக்குது. கழட்டிப் போடற பல்சக்கரம், ஷாஃப்ட், ஸ்பிரிங், அச்சு (நூல் நுழையற இரும்புச் சீப்பு) எல்லாம் காயலாங்கடை வண்டியில ஏறுறதைப் பார்த்தா மனசு கேக்கறதில்லைங்க. அத்தனை வருசம் துணி நெய்த இரும்பு. அதுலயே ஒரு காங்கேயம் காளை செஞ்சு வாசல்ல நிறுத்தணும்னு ஆரம்பிச்சிருக்கேன். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குச் சின்ன வயசுல இருந்தே போறவன். அங்க புது ஆள் பக்கத்துல போனா பூச்சிக்காளை (இனச்சேர்க்கைக்கு வளர்க்கற காளை) தலையைத் தூக்கி, திமிலை முன்னால தள்ளிக்கிட்டு ஒரு நிப்பு நிக்கும் பாருங்க, அந்த நிப்புதான் எனக்கு வேணும்.

அளவு, திமில் வரைக்கும் மூணடி. கால் நாலும் 16 மி.மீ. முறுக்குக் கம்பி. தோளுக்கும் தொடைக்கும் தறியோட பெரிய பல்சக்கரம். கொம்புக்குப் பழைய பைக் ஹேண்டில்பார், குரோமியம் பூசினது. வயித்துக்குப் பழைய பைக் பெட்ரோல் டேங்க் ஒண்ணு கிடைச்சிருக்குது, வளைவு அப்படியே மாட்டு வயிறுங்க. வாலுக்கு பைக் செயின், நுனி மயிருக்கு அச்சுப் பல்லுக் கம்பி. கண்ணுக்கு பேரிங் குண்டு.

மெஷின் 200 ஆம்ப்ஸ் இன்வெர்ட்டர், சிங்கிள் ஃபேஸ். 6013 வெல்டிங் ராடு, பத்தாம் நம்பரும் (தடிமன்) பன்னெண்டாம் நம்பரும் (மெல்லிசு) இருக்குது. வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டாயில வேலை.

இப்பப் பிரச்சனை என்னன்னா, பேரிங் குண்டை ஒட்டினா நல்லா பிடிச்ச மாதிரித் தெரியுது. டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா கீழ கிடக்குது. பல்சக்கரத்துல வெல்டு ஓரமாவே முடி மாதிரி விரிசல் ஓடுது. செயின்ல பத்தாம் நம்பர் வச்சா ஓட்டை விழுது. மெஷினைப் போட்டதும் சில நேரம் எம்சிபி (கரண்டு அதிகமானா தானா விழுற சுவிட்ச்) விழுந்துடுது. கடைசியா, பெயிண்ட் அடிக்காம இரும்பு நிறத்துலயே வைக்க முடியுமா? டேங்க்கை இந்த ஞாயித்துக்கிழமை வெட்டலாம்னு இருக்கேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருவெறும்பூர் வெல்டர்:

தம்பி, மத்ததுக்கெல்லாம் அப்புறம் வர்றேன். ஞாயித்துக்கிழமை டேங்க்கை வெட்டாதீங்க. கிரைண்டரும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். அதை இன்னைக்கே கொட்டாயை விட்டு வெளியில எடுத்து வைங்க.

காலியா இருக்கு, காஞ்சு போச்சு, சோப்புத் தண்ணி விட்டுக் கழுவிட்டேன்னு எல்லாரும் சொல்வாங்க. பெட்ரோல் டேங்க் ரெண்டு தகடை மடிச்சு ஒட்டினது. அந்த மடிப்புக்குள்ளயும் துருவுக்குள்ளயும் போன பெட்ரோல் கழுவினா வராது, சூடு பட்டாதான் வரும். காத்துல நூத்துக்கு ஒண்ணரைப் பங்கு பெட்ரோல் ஆவி இருந்தாலே பொறிக்குப் பிடிச்சுக்கும். பாதி நிறைஞ்ச டேங்க்கை விடக் காலி டேங்க்தான் வெடிக்கிறதுக்கு வாகானதுன்னு சொல்றது இதனாலதான். பெரிய ஷெட்டுல இதுமாதிரி வேலை வந்தா நீராவி விட்டுக் கழுவி, கேஸ் மீட்டர் வச்சுப் பார்த்து, உள்ள ஆர்கானோ நைட்ரஜனோ நிரப்பித்தான் தொடுவோம். வீட்டுல அந்த மீட்டர் கிடையாது. பக்கத்துல உங்க குழந்தைங்க நிக்கும்.

பைக் ஷாக் அப்சார்பரும் இதே கணக்குதான். உள்ள எண்ணெயும், சிலதுல அழுத்தத்துல கேஸும் இருக்கும். ரெண்டு முனையும் அடைச்ச பைப் எதுவா இருந்தாலும் முதல்ல ஒரு ஓட்டை போட்டுட்டுத்தான் சூடு பண்ணணும். உள்ள கொஞ்சம் தண்ணி நின்னாக்கூட ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல இடம் கேக்கும். இடம் இல்லன்னா பைப்பைக் கிழிச்சுக்கிட்டு வரும்.

சரி, வயிறு வேணுமே. 3 மி.மீ. தகட்டுல ரெண்டு விரல் அகலத்துக்குப் பட்டை வெட்டுங்க. ஏதாவது ஒரு பைப்பைத் தாங்கலா வச்சுத் தட்டி வளைச்சு, விலா எலும்பு போற திசையிலயே ஒண்ணு ஒண்ணா முதுகுக் கம்பியில இருந்து இறக்குங்க. நடுவுல சந்து இருக்கட்டும். அந்தச் சந்து வழியா வெளிச்சம் வரும்போது டேங்க் வச்சதை விட உயிரோட இருக்கும்.

இப்ப கொம்பு. குரோமியம் பூசின ஹேண்டில்பார்ல ஆர்க் (ராடு நுனியில எரியற மின்பொறி) பட்டா வர்ற புகை சாதாரணப் புகை இல்ல, புற்றுநோய்க்குக் காரணம்னு உறுதியான குரோமியம் அதுல இருக்கும். கிரைண்டர்ல உரிச்சாலும் அந்தத் தூளை மூச்சுல இழுக்கக் கூடாது. எனக்குக் கேட்டா, அதை விட்டுட்டுப் பூச்சு இல்லாத ஷாஃப்ட்டோ முக்கால் இஞ்ச் கருப்புப் பைப்போ எடுத்துச் சூடு பண்ணி வளைச்சுக்கங்க. கொம்பு நுனிக்குப் போகப் போகச் சிறுக்கணும், ஹேண்டில்பார் சிறுக்காது.

ஜிஐ பைப், துத்தநாகம் பூசின போல்ட்டு எல்லாமும் அப்படித்தான். துத்தநாகம் 907 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாயிடும், இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல வேணும். அதனால வெல்டு பிடிக்கிறதுக்கு முன்னாலயே வெள்ளைப் புகை மூஞ்சிக்கு வந்துடும். சாயங்காலம் வீட்டுக்குப் போனப்புறம் குளிர் ஜுரம் தூக்கிப் போடும், மறுநாள் விட்டுடும். பால் குடிச்சா, வெல்லம் தின்னா ஒண்ணும் பண்ணாதுன்னு ஷெட்டு ஷெட்டா சொல்லுவாங்க. பால் போறது வயித்துக்கு, புகை போறது நுரையீரலுக்கு. பூச்சை வெல்டு வர்ற இடத்துல இருந்து ரெண்டு இஞ்ச் வரைக்கும் எடுத்துட்டு, வெட்டவெளியில, காத்து உங்க பக்கவாட்டுல அடிக்கிற மாதிரி நின்னு ஒட்டணும். துணியைக் கட்டிக்கிட்டா அது முகமூடி ஆகாது. வடிகட்டி மாத்துற ரப்பர் முகமூடி ஒண்ணு வாங்கிடுங்க.

பேரிங் குண்டு விஷயம். குத்தம் உங்க கையில இல்ல, குண்டுல. பேரிங் இரும்புல கார்பன் நூத்துக்கு ஒண்ணு, குரோமியம் ஒண்ணரை. நீங்க ஒட்டுற சாதா இரும்புல கார்பன் கால் பங்குகூட இருக்காது. ஆர்க் பட்ட இடம் மட்டும் உருகும், மீதிக் குண்டு பச்சைத் தண்ணியாட்டம் இருக்கும். அந்தக் குளிர்ந்த உடம்பு சூட்டை ஒரே இழுப்பா இழுத்துக்கும். உருகின ஓரம் உடனே கெட்டிப்பட்டு நொறுங்குற பதத்துக்குப் போயிடும். ஆறும்போது வெல்டு சுருங்கும், சுருங்கின இழுப்புக்கு 'டிங்'குன்னு தெறிக்கும்.

கண்ணுக்கு வெல்டே வேண்டாம், கூடு கட்டுங்க. 20 மி.மீ. குண்டுன்னா அது நுழையற பைப்புல ஒரு துண்டு வெட்டி மண்டையில ஒட்டுங்க. குண்டை உள்ள போடுங்க. 18 மி.மீ. ஓட்டை உள்ள மெல்லிசு வாஷரை வாயில வச்சு அழுத்திப் பிடிச்சு, வாஷரைப் பைப்போட மூணு இடத்துல டாக் (புள்ளி மாதிரிச் சின்ன ஒட்டு) பண்ணுங்க. குண்டு நாலு மி.மீ. போல வெளிய பிதுங்கி நிக்கும். ஆடுச்சுன்னா பைப் நீளத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் குறைங்க. அந்த வாஷர்தான் இமை. மேல் பாதியைக் கொஞ்சம் தட்டிச் சரிச்சு விட்டீங்கன்னா பார்வை மாறிடும். காளை உங்களைப் பார்க்குதா, உங்களைத் தாண்டிப் பார்க்குதாங்கிறதை அந்த ஒரு தட்டு முடிவு பண்ணும். வேற இடத்துல குண்டை ஒட்டியே ஆகணும்னா 309 ஸ்டெயின்லெஸ் ராடு, குண்டை முன்னாடியே 250 டிகிரி கிட்டச் சூடாக்கி ஒட்டி, உடனே காஞ்ச சாம்பல்ல புதைச்சு ராத்திரி முழுக்க விட்டுடுங்க.

தறிச் சக்கரம் வார்ப்பு இரும்பு. கார்பன் மூணு பங்குக்கும் மேல. நிக்கல் ராடுல ஒட்டலாம், ஆனா விலை அதிகம். முழுச் சக்கரத்தையும் சூடாக்கி, ஒரு இஞ்ச் ஓட்டி, சூட்டோட சின்னச் சுத்தியால மெதுவாத் தட்டி, ஆறவிட்டு அடுத்த இஞ்ச்சுன்னு போகணும். பொறுமை வேணும். அதை விட நல்ல வழி உங்க கையிலயே இருக்கு: சக்கரத்துக்கு நடுவுல ஷாஃப்ட் ஓட்டையும் சாவிப் பள்ளமும் ஏற்கனவே இருக்கு. சாதா இரும்பு ஷாஃப்ட் ஒண்ணை நுழைச்சு, ரெண்டு பக்கமும் தகட்டுல வில்லை வெட்டிப் போட்டு, வில்லையை ஷாஃப்ட்டோட ஒட்டுங்க. சக்கரத்துல ஆர்க்கே படாது. தறியில எப்படி நின்னுச்சோ அப்படியே நிக்கும்.

செயினைப் பன்னெண்டாம் நம்பர் ராடு, 60-70 ஆம்ப்ஸ்ல டாக் மட்டும் பண்ணுங்க. தொட்டு எடு, தொட்டு எடு. முன்னாடி மண்ணெண்ணெயில ஊற வச்சுத் துலக்கி, சோடா உப்புத் தண்ணியில கழுவி வெயில்ல காய வச்சுடணும். அந்த மண்ணெண்ணெய் டப்பா கொட்டாயில இருக்கவே கூடாது. ஒண்ணு கவனம், பிரேக் கழுவுற ஸ்பிரே அடிச்சுட்டு வெல்டிங் பண்ணாதீங்க. சில ஸ்பிரேயில குளோரின் கலந்த திரவம் இருக்கும், ஆர்க் வெளிச்சத்துல அது பாஸ்ஜீன் ஆகும். பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, முதல் உலகப் போர்ல ஆளைக் கொல்லப் பயன்படுத்தின வாயு.

கரண்டுக்கு வர்றேன். 80 ஆம்ப்ஸ்ல ஓட்டும்போது இன்வெர்ட்டர் லைன்ல இருந்து 12-லிருந்து 16 ஆம்ப்ஸ் வரைக்கும் இழுக்கும். மெயின் பெட்டியில இருந்து நேரா 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், 20 ஆம்ப்ஸ் சி டைப் எம்சிபி, தனி பவர் பிளக் போடச் சொல்லுங்க. உங்ககிட்ட பி டைப் இருந்தா மெஷின் போட்ட நொடியில அடிக்கிற இழுப்புக்கே விழும். 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபியும் (கரண்டு கசிஞ்சா லைனை வெட்டுற சுவிட்ச்) வேணும். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டி வச்சுக்கிட்டு ஓட்டாதீங்க, சுருளுக்குள்ள சூடேறி உருகிடும். நம்ம ஊர் வேர்வைக்கு இன்னொண்ணு: ஆர்க் இல்லாதப்ப ஹோல்டர் முனையில 60-லிருந்து 80 வோல்ட் நிக்கும். நனைஞ்ச கிளவுஸோட ராடு மாத்தாதீங்க. காலடியில காஞ்ச பலகை ஒண்ணு போட்டுக்கங்க. ரெண்டு ஜோடி கிளவுஸ் வச்சு ஒண்ணு காயட்டும்.

லுங்கி, நைலான் சட்டை, ரப்பர் செருப்பு எதுவும் ஆகாது. முழுக்கை பருத்திச் சட்டை, தோல் ஏப்ரன், ஷூ. கண்ணாடி ஷேடு 10 இல்ல 11. ஆர்க் அடிச்ச கண்ணு அப்போதைக்கு ஒண்ணும் சொல்லாது, நடுராத்திரியில மணல் கொட்டின மாதிரி அறுக்கும். உருளைக்கிழங்கு வைக்கிறது, தாய்ப்பால் விடுறதுன்னு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வாங்க. எதையும் கண்ணுல விடாம டாக்டர்கிட்ட போங்க. பக்கத்து வீட்டுக்காரங்க கண்ணும் கண்ணுதான். கொட்டாயோட திறந்த பக்கத்துக்குப் பச்சை வலை பத்தாது, தகரம் அடிங்க.

உக்கடம் காயலாங்கடை:

அண்ணன் சொன்னது ஒவ்வொண்ணும் சரிங்க. டேங்க் விசயத்துல நானும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன், வேண்டாம் தம்பி. எங்க கடைக்கு வர்ற டேங்க்கை நாங்க கேஸ் கட்டிங்ல தொடவே மாட்டோமுங்க.

பொருள் பொறுக்குறதைப் பத்தி மட்டும் நான் சொல்றேன். கடைக்கு வர்றப்ப ஒரு காந்தம் கொண்டு வாங்க. கார்புரேட்டர், பிஸ்டன், கிரேங்க் கேஸ் மூடி இதுலயெல்லாம் காந்தம் ஒட்டாது. அது அலுமினியம், இல்லைன்னா துத்தநாகக் கலவை. உங்க ராடுல எந்தக் காலத்துலயும் பிடிக்காது, போல்ட்டுப் போட்டுத்தான் மாட்டணும். ஸ்டெயின்லெஸ்லயும் பாதிக்கு மேல காந்தம் ஒட்டாதுங்க, ஆனா அது வேற ராடு போட்டா பிடிக்கும்.

காந்தம் ஒட்டுச்சுன்னா அடுத்தது பொறி பார்க்கணும். கிரைண்டர்ல லேசாத் தேய்ங்க, நிழல்ல நின்னு பாருங்க. சாதா இரும்புன்னா நீளமா, வெளிர் மஞ்சளா, கோடு கோடாப் போகும். ஸ்பிரிங்கு, வண்டி வில்லுப் பட்டா, அரம் மாதிரி கார்பன் அதிகமான இரும்புன்னா கோட்டு நுனியெல்லாம் பூப்பூவா வெடிக்கும். வார்ப்புன்னா சிவந்து, கட்டையா, கிட்டயே அணைஞ்சுடும். அதுவே போதுமுங்க. மூணு டப்பா வச்சுப் பிரிச்சுப் போட்டுடுங்க. தறி ஸ்பிரிங்கு ரெண்டாவது டப்பா, பேரிங்கு மாதிரியே அதுவும் தெறிக்கும். அதையெல்லாம் ஒட்டாம கொக்கி போட்டு மாட்டுங்க, மாட்டுக் கழுத்துல தொங்குற அலைதாடிக்கு அது ஆடுனா இன்னும் நல்லாத்தானே இருக்கும்.

கிரைண்டர் சக்கரத்துக்கு மேல இருக்குற கார்டைக் கழட்டாதீங்க. நாலு இஞ்ச் சக்கரம் நிமிசத்துக்குப் பதினோராயிரம் சுத்து சுத்துது. கட்டிங் சக்கரத்தைச் சாய்ச்சுத் தேய்க்கறதுக்குப் பயன்படுத்தாதீங்க, உடைஞ்சா துண்டு எங்க போகும்னு சொல்ல முடியாது. பொறி முப்பது அடிக்கு மேல பறக்கும். தேங்காய் மட்டை, பஞ்சு மூட்டை, நூல் கழிவு எதுவும் கொட்டாயில இருக்கக் கூடாது, உங்க தொழில்ல பஞ்சு எங்கயும் இருக்கும்னு தெரிஞ்சே சொல்றேன். வேலை முடிஞ்சு அரை மணி நேரம் அங்கயே இருந்து பார்த்துட்டுப் பூட்டுங்க.

அப்புறம் நிறம். எங்க அம்மா ஊரு காங்கேயம் பக்கம். கன்னு பிறக்கறப்ப செவலையாத்தான் விழும், ஆறு மாசம் போல ஆனா மயிலையா (சாம்பல் நிறமா) மாறும். பூச்சிக்காளைக்குத் திமிலு, கழுத்து, முன்சப்பை, தொடை எல்லாம் கருப்பு ஏறி நிக்கும். உங்க இரும்பு நிறம் அதுக்குன்னே பொருந்துமுங்க. பெயிண்ட் வேண்டவே வேண்டாம். கொம்பு மட்டும் பார்த்து வளைங்க. வெளிய போய்ப் பின்னால திரும்பணும். நேரா மேல தூக்கி வச்சீங்கன்னா அது வேற ஊரு மாடாயிடும்.

கரிக்கோடு:

அண்ணா, நான் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவள். வெல்டிங்கில் பெரியவர் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் முதல் பத்தியில் அது இருக்கிறது. அந்த நிப்பு வேண்டும் என்றீர்களே, அது பேரிங் குண்டிலோ செயினிலோ வராது. முதுகுக் கோட்டில் வரும்.

கையில் இருக்கிற பாகங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, கொட்டாய்த் தரையில் சாக்பீஸால் காளையின் பக்கவாட்டை முழு அளவில் வரையுங்கள். மூன்றடி என்றால் மூன்றடி. பிறகு 10 மி.மீ. கம்பியை அந்தக் கோட்டின் மேலேயே வைத்து வளையுங்கள்: கொம்பின் அடியிலிருந்து பிடரி, திமிலின் ஏற்றம், முதுகின் இறக்கம், வால் தொடங்கும் இடம் வரை ஒரே கம்பி. வெட்டி ஒட்டாதீர்கள். ஒரே கம்பியில் வளைத்தால்தான் கழுத்தின் விறைப்பு திமில் வழியாகப் பின்னங்கால் வரை ஓடும். நீங்கள் சொல்லும் மாடு எடையைப் பின்னங்காலுக்குத் தள்ளியிருக்கும், முன்னங்கால் ஒன்று லேசாக முன்னால் இருக்கும். நான்கு காலையும் மேசைக் கால் போல நேராக நட்டால் எவ்வளவு அழகாக ஒட்டினாலும் அது அசையாது.

இந்தக் கம்பிக்கூட்டை டாக் மட்டும் செய்து நிறுத்திவிட்டு, இரவில் ஒரே ஒரு பல்பை ஒரு பக்கத்தில் வைத்துச் சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். நிழலில் கண் இல்லை, சக்கரம் இல்லை, பளபளப்பு இல்லை. அந்தக் கறுப்பு உருவம் மட்டுமே காங்கேயம் காளை என்று உங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்லிவிட்டால் அதன்பிறகு முழு வெல்டு போடுங்கள். சொல்லாவிட்டால் டாக்கை வெட்டி மறுபடி வளைப்பது ஒரு மணி நேர வேலைதான்.

சக்கரங்களைத் தோளிலும் இடுப்பிலும் வைக்க நினைத்தது மிகச் சரி. மாட்டின் உடம்பிலும் அசைவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பற்களைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடாதீர்கள். தறியில் ஓடிய தேய்மானம் அதில் இருக்கிறதே, அதை வேறு எந்தச் சிற்பியாலும் செய்ய முடியாது. ஆனால் இருக்கிற பாகத்தையெல்லாம் காளையில் ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பிக்காசோ 1942-ல் ஒரு சைக்கிள் சீட்டையும் ஒரு ஹேண்டில்பாரையும் மட்டும் சேர்த்து மாட்டுத் தலை செய்தார். இரண்டே பொருள். சீட்டு சீட்டாகவும் தெரியும், மாட்டு முகமாகவும் தெரியும். அதற்கு முன்பே அவருக்கு இரும்பு ஒட்டும் வேலையில் துணையாக நின்ற சிற்பி ஹூலியோ கொன்சாலஸ், முதல் உலகப் போர்க் காலத்தில் பாரிஸ் பக்கம் ரெனோ தொழிற்சாலையில் கேஸ் வெல்டிங் கற்றவர். தொழிற்சாலையில் கற்ற கைதான் இந்தக் கலையைத் தொடங்கி வைத்தது என்பதால் சொல்கிறேன், நீங்கள் தறி ஃபிட்டர் என்பது உங்களுக்குப் பலம்.

சென்னைப் பக்கம் வந்தால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கியது. அங்கே பி.வி. ஜானகிராம் தகட்டைத் தட்டி, அதன்மேல் கம்பியைக் கோடாக ஒட்டிச் செய்தவையும், எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் செய்தவையும் இந்த மண்ணில் வேர்விட்ட உலோகச் சிற்பங்கள். கோயில் கதவுத் தகட்டின் வேலைப்பாடு வெல்டிங்கில் எப்படி வரும் என்று அவற்றின் முன்னால் நின்றால் தெரியும். படத்தில் பார்ப்பது போதாது, பக்கவாட்டில் போய் இணைப்புகளைப் பாருங்கள்.

வால்நுனிக்கு அச்சுப் பல்லுக் கம்பி என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைக் கட்டாயம் விட்டுவிடாதீர்கள்.

வெள்ளக்கோவில் தறிக்காரன்:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. டேங்க்கைக் கொண்டு வந்து கொடுத்த மெக்கானிக் கடைக்கே திருப்பி அனுப்பிட்டேன். பெரியவர் சொன்ன மாதிரிப் பட்டை வெட்ட ஆரம்பிச்சாச்சு. சக்கரத்துக்கு ஷாஃப்ட் போடற யோசனை எனக்கு ஏன் தோணலைன்னு தெரியலைங்க, தினமும் அதைத்தான செய்யறேன். தங்கச்சி சொன்னபடி தரையில வரைஞ்சு முதுகுக் கம்பியை வளைச்சிருக்கேன். திமிலுக்கு இன்னும் உயரம் வேணும்னு எங்கப்பாரு சொல்றாரு, அவரு பேச்சைத்தான் கேக்கப் போறேன்.

நிறம் பத்தி அண்ணன் சொன்னது மனசுல நிக்குதுங்க. உடம்பு மயிலையா, திமிலும் கழுத்தும் தொடையும் கருப்பா கொண்டு வர முடியுமா? மழையில நிக்கணும். அப்புறம் கால் உள்பக்கம் இழுத்துக்குது, முதல் ரெண்டு கால் ஒட்டினப்புறம் தெரியுது.

திருவெறும்பூர் வெல்டர்:

கால் இழுக்கறது வெல்டு ஆறும்போது சுருங்குறதால. எந்தப் பக்கம் முதல்ல முழுசா ஓட்டுறீங்களோ அந்தப் பக்கம் சாயும். ஒட்டின ரெண்டையும் வெட்டிடுங்க. நாலு காலையும் அடித்தகட்டுல டாக் பண்ணி, கால்களுக்கு நடுவுல தற்காலிகமா ரெண்டு குறுக்குக் கம்பி கொடுத்து நிறுத்துங்க. அப்புறம் முன் இடதுல கொஞ்சம், பின் வலதுல கொஞ்சம், முன் வலதுல கொஞ்சம்னு மாத்தி மாத்தி ஓட்டுங்க. எல்லாம் ஆறினப்புறம் குறுக்குக் கம்பியை வெட்டி எடுக்கலாம். 16 மி.மீ. கம்பி ஒத்தையா நின்னா ஆட்டுக்கால் மாதிரி இருக்கும், முழங்காலுக்கு மேல மூணு கம்பியாச் சேர்த்துக்கட்டுங்க. உங்கப்பா சொன்னாருன்னா திமிலை உயர்த்திடுங்க.

நிறம் வரும். முதல்ல சிலாக்கு (வெல்டு மேல படியற கசடு) முழுசாப் போகணும், சிப்பிங் சுத்தியால தட்டி, மூலை முடுக்கெல்லாம் கம்பி பிரஷ் விடுங்க. சிலாக் மேல அடிக்கிற எந்தப் பூச்சும் உரிஞ்சு வரும், அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும். அப்புறம் கருப்பு வேணுங்கிற இடத்தை மட்டும் கேஸ் டார்ச்சால சூடு பண்ணுங்க. தண்ணி தெளிச்சா துள்ளி ஓடுற சூடு வந்ததும், பருத்தித் துணியில ஆளி விதை எண்ணெயைத் தொட்டு மெல்லிசாத் தேய்ங்க. புகைஞ்சு பழுப்பாகும், மறுபடி சூடு பண்ணி மறுபடி தேய்ச்சா கருப்பு ஏறும். கொல்லன் பட்டறையில செய்யற பழைய வழிதான். திமில் உச்சியில நல்லாக் கருப்பா வச்சு, கீழ இறங்க இறங்க விட்டுக்கிட்டே வாங்க, மாட்டுல கோடு போட்ட மாதிரி நிறம் மாறாது. எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. ஆளி விதை எண்ணெய்த் துணி தானாவே சூடேறித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப்போடுங்க, இல்லன்னா தண்ணி வாளியில முக்கி வைங்க.

மழையில நிக்கணும்னா எண்ணெய் மட்டும் போதாது. முழுசும் ஆறினப்புறம் தின்னர் போட்டுத் துடைச்சு, வாகனத்துக்கு அடிக்கிற ரெண்டு கலவைக் கிளியர் கோட் அடிக்கச் சொல்லுங்க. அதை நீங்களே அடிக்காதீங்க, அதோட கெட்டிப்படுத்தி மூச்சுக்கு ரொம்பக் கெடுதல், பெயிண்ட் பூத் வச்சிருக்கறவங்ககிட்ட கொடுத்துடுங்க. உங்க ஊர்ல உப்புக்காத்து இல்ல, தாங்கும். பட்டைகளுக்குள்ள தண்ணி தேங்குற இடம் எங்க இருக்குன்னு ஒரு சொம்புத் தண்ணி ஊத்திப் பார்த்து, அடியில ஓட்டை விட்டுடுங்க.

இன்னொண்ணு. மூணடிக்கு ரெண்டடி, 10 மி.மீ. அடித்தகடே 44 கிலோ கிட்ட வரும். மேல காளையும் சேர்ந்தா நாலு பேர் தூக்கற எடை. அடித்தகட்டோட நாலு மூலையிலயும் ஆங்கர் போல்ட்டுக்கு 14 மி.மீ. துவாரத்தை இப்பவே போட்டுடுங்க, காளை நின்னப்புறம் வயித்துக்கு அடியில டிரில் மெஷின் நுழையாது. கொட்டாய் வாசல் அகலத்தையும் கொம்போட அகலத்தையும் ஒரு தடவை டேப் வச்சுப் பார்த்துக்கங்க.